டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டது, பின் பிரேக்கில் செயின் ஸ்பிரே பட்டுவிட்டது: எதிலிருந்து தொடங்குவது?

சாலைக்குருவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 150 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று உள்ளது. ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். நான் வெளியூர் சென்றிருந்தபோது என் தம்பி தானே எஞ்சின் ஆயிலை மாற்றி, செயினைச் சுத்தம் செய்து இறுக்கி, பிரேக் ஆயில் குறைவாகத் தெரிகிறதென்று அதையும் நிரப்பியிருக்கிறான். ஆர்வத்தோடும் அக்கறையோடும் செய்த வேலைதான். ஆனாலும் சில இடங்களில் தவறு நேர்ந்துவிட்டது. எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டான் என்பதால் நடந்ததை வரிசையாக எழுத முடிகிறது.

எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை நீளமான ஸ்பேனரால் இறுக்கும்போது அது ஓரிடத்தில் பிடித்து, பிறகு சட்டென்று தளர்ந்து, இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. ஒரு லிட்டர் பாட்டிலை முழுவதுமாக ஊற்றியிருக்கிறான். கையேட்டில் ஒரு லிட்டர் என்று ஓர் எண் இருப்பது உண்மை, ஆனால் அதற்கு மேலே அதைவிடக் குறைவான இன்னோர் எண்ணும் இருக்கிறது. செயினுக்கு அடித்த ஸ்பிரே பின் டிஸ்க்கின் மீது பட்டதால், பெடலை முழுவதும் மிதித்தாலும் பின் சக்கரம் சரியாகப் பிடிப்பதில்லை. ஹேண்டிலில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பும்போது சில துளிகள் பெட்ரோல் டாங்க்கின் மீது விழுந்து, மாலை வரை துடைக்காமல் இருந்ததால் அங்கே பெயின்ட் சுருங்கியிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு வண்டியைத் தெருமுனை வரை ஒருமுறை ஓட்டியும் பார்த்திருக்கிறான்.

போல்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றி இன்னும் இறுக்கலாம், பிரேக் பேடை அடுப்பில் சுட்டால் எண்ணெய் எரிந்துவிடும் என்றெல்லாம் அவனுக்குச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையபட்டறை எழுதியது:

அந்த இரண்டு யோசனைகளையும் நிறுத்தி வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. வீட்டில் நடக்கும் பராமரிப்பில் முதல் தவறு பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதை மறைக்கவோ அவசரமாக ஈடுகட்டவோ செய்யும் இரண்டாவது காரியம்தான் ஒரு போல்ட்டோடு முடிய வேண்டியதை எஞ்சின் கேஸ் என்கிற வெளிக்கூடு வரை கொண்டுபோகிறது. ஆகவே வண்டியை இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், தள்ளிக்கொண்டு போவதென்றாலும் பின் பிரேக்கை நம்ப வேண்டாம். பிரேக்கைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் எழுதுவார்கள். நான் டிரெயின் போல்ட்டைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியக் கலவை, போல்ட் எஃகு. எஃகு போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அலுமினிய மரைதான். இறுக்கிக்கொண்டே போகும்போது கை உணரும் கனம் ஒரு கட்டத்தில் கூடாமல் நின்று, பிறகு வெண்ணெயில் திருகுவது போல மெதுவாகும் தருணம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு போல்ட் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் மிச்சமிருக்கும் மரையையும் சீவி எடுக்கிறது. எனவே இனி அதை உள்நோக்கித் திருப்பவே வேண்டாம்.

முதலில், எஞ்சின் ஆறிய நிலையில், அடியில் அகலமான பாத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றப் பாருங்கள். அது வெளியே வராமல் அதே இடத்தில் சுற்றினால், தலைக்கும் வாஷருக்கும் இடையே மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரை நுழைத்து, கேஸின் மீது நெம்பாமல் இலேசாக வெளிநோக்கி அழுத்தம் கொடுத்தபடியே எதிர்த்திசையில் திருப்புங்கள். மிச்சமிருக்கும் மரையில் பிடித்துக்கொண்டு வந்துவிடும். வந்ததும் போல்ட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அதன் மரைப் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் சுருள் கம்பி போல ஏதாவது சுற்றியிருந்தால், அது கேஸிலிருந்து உரிந்து வந்த மரை. போல்ட்டின் மரை சிதைந்து, துளையின் மரை முழுமையாக இருப்பது அரிது. அப்படி இருந்தால் புதிய போல்ட்டும் புதிய வாஷரும் போதும்.

துளையின் மரைதான் போயிருக்கிறது என்றால், செருகு மரை போடுவதே நிலைத்து நிற்கும் தீர்வு. பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதில் புதிய மரையை டேப் எனப்படும் மரை வெட்டும் கருவியால் வெட்டி, அதனுள்ளே எஃகால் ஆன மரையைப் பொருத்துவார்கள். பிறகு பழைய அளவுள்ள போல்ட்டே மீண்டும் பொருந்தும். அலுமினியத்தைவிட எஃகு மரை உறுதியானது என்பதால், ஒழுங்காகச் செய்யப்பட்ட செருகு மரை முதலில் இருந்ததைவிட நன்றாகவே உழைக்கும். இதில் இரண்டு வகை உண்டு. சுருள் கம்பியால் ஆனது ஒன்று, ஹெலிகாயில் என்று சொல்வார்கள். கெட்டியான குழாய் வடிவில் உள்ளது மற்றொன்று. டிரெயின் போல்ட்டுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் கழற்றி மாட்டப்படும் இடம் இது, சுருள் கம்பி சில நேரம் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. சுருள் கம்பியைத் திருகி உள்ளே செலுத்துவதற்காக அதன் நுனியில் குறுக்காக ஒரு சிறு நாக்கு இருக்கும். பொருத்திய பிறகு அதை ஒடித்து எடுக்க வேண்டும். டிரெயின் துளையில் அது ஒடிந்தால் எஞ்சினுக்குள் விழ வாய்ப்பு அதிகம். ஹெலிகாயில்தான் கிடைக்கிறது என்றால், நாக்கு ஒடிந்து விழாமல் நுனி வளைந்த இடுக்கியால் பிடித்துக்கொண்டே ஒடித்து, அது கையில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

இதை வீட்டில் செய்யலாமா என்றால், துளையிடுவதும் மரை வெட்டுவதும் நேர்கோட்டில் அமைய வேண்டும் என்பதே சிக்கல். ஒரு சில பாகை சாய்ந்தாலும் போல்ட்டின் தலை கேஸின் முகப்பில் சமமாக உட்காராது, வாஷர் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும், ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். கை டிரில்லில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. எஞ்சினை இறக்க வேண்டியதில்லை, வண்டியை அப்படியே கொண்டுபோகலாம். எங்கே செய்தாலும் டேப் கருவியின் பள்ளங்களில் கெட்டியான கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்றுப் பின்னே வரச் சொல்லுங்கள். துளை கீழ்நோக்கி இருப்பதால் துகள்களில் பெரும்பகுதி தானாகவே வெளியே விழும், மிச்சத்தைக் கிரீஸ் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் காந்தம் வைத்த போல்ட்டை நம்பிப் பயனில்லை. வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்காமல், மேலே ஆயில் ஊற்றும் துளை வழியாகச் சிறிதளவு புதிய ஆயிலை ஊற்றி, கீழே திறந்த துளை வழியாக வடியவிட்டு, வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு இல்லாமல் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இதற்கு மண்ணெண்ணெயோ டீசலோ வேண்டாம். மூலைகளில் தங்குவது புதிய ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

டெஃப்லான் டேப்பைப் பற்றி: இந்த போல்ட்டில் ஆயிலை அடைப்பது மரை அல்ல, தலைக்கும் கேஸுக்கும் நடுவில் நசுங்கும் வாஷர். மரையில் டேப் சுற்றினால் கசிவு சில நாட்களுக்குக் குறையலாம், ஆனால் பிடிமானம் கூடாது. பிய்ந்த டேப் துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. வாஷர் அலுமினியமோ செம்போ எதுவானாலும், ஒருமுறை நசுங்கியதை மாற்றிவிடுங்கள். 12 மி.மீ. டிரெயின் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் இறுக்கம் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரைதான் சொல்லியிருப்பார்கள், உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. அந்த அளவை எட்டக் குட்டையான ஸ்பேனரும் மணிக்கட்டின் பலமும் போதும். நீளமான ஸ்பேனரில் தோள்பலத்தைப் போடும்போது எவ்வளவு போகிறதென்று கைக்கே தெரியாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால் உங்கள் தம்பிக்கு அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

வட்டத்தகடு எழுதியது:

பின் பிரேக்கைப் பற்றி நான் எழுதுகிறேன். இது தாமதிக்கக் கூடாத விஷயம். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், பிரேக் கெட்டால் வண்டி நிற்காது.

பேடுகளை அடுப்பில் சுட வேண்டாம். பேடின் உராய்வுப் பொருளை ஒட்டிப் பிடித்திருப்பது பிசின். தீயில் அந்தப் பிசின் பலமிழந்தால், உராய்வுப் பொருள் பின்னாலுள்ள இரும்புத் தகட்டைவிட்டுப் பெயரக்கூடும், புகையும் நச்சானது. சாதாரண ஆர்கானிக் பேடுகள் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்பவை. மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் முதலில் நன்றாகப் பிடிப்பது போலத் தோன்றும், நாலைந்து முறை பிரேக் பிடித்துச் சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வந்து மறுபடியும் வழுக்கும். அந்த முதல் பிடிப்பை நம்பி வேகமாக ஓட்டுவதுதான் ஆபத்து. உலோகத் தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேடுகளில் மேலோட்டமாக மட்டும் பட்டிருந்தால் சுத்தம் செய்து மீட்டவர்கள் உண்டு. ஆனால் ஸ்பிரே பட்ட பிறகு ஒருமுறை ஓட்டியும் இருப்பதால், உங்கள் நிலையில் நான் யோசிக்காமல் புதிய பேடுகளையே போடுவேன்.

டிஸ்க்கை மாற்றத் தேவையில்லை. பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து இரு முகங்களையும் துடையுங்கள், ஒவ்வொரு முறையும் துணியின் புதிய பகுதியைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் இவற்றில் எதுவும் வேண்டாம், காய்ந்த பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லக் கூடியவை. பலரும் மறந்துவிடுவது டிஸ்க்கில் உள்ள சிறு துளைகளை. முகத்தைப் பளபளவென்று துடைத்துவிட்டு, துளைகளுக்குள் தேங்கிய செயின் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டால், சக்கரம் சுற்றும்போது அது வெளியே பரவிப் புதிய பேடுகளையும் பாழாக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு துளையாகத் துடையுங்கள். முதல் சில துளைகளிலேயே பஞ்சு பழுப்பு நிறமாக வருவதைப் பார்ப்பீர்கள். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் உள்பக்கம், ரிம்மின் ஓரம், டயரின் பக்கச்சுவர் ஆகியவற்றையும் பாருங்கள். டயரில் பட்டிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவினால் போதும்.

இப்போது முக்கியமான ஒன்று. பிரேக் ஆயில் குறைவாகத் தெரிந்ததால் உங்கள் தம்பி நிரப்பினார் என்கிறீர்கள். பின் பிரேக்கின் டப்பாவையும் நிரப்பினாரா என்று கேளுங்கள். கசிவு இல்லாத பிரேக்கில் ஆயில் மட்டம் இறங்குவதற்குக் காரணம் பேடுகள் தேய்ந்ததுதான். பேட் தேயத் தேய, காலிப்பரில் பேடை அழுத்தும் பிஸ்டன் வெளியே வருகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்குகிறது. தேய்ந்த பேடுகளோடு டப்பாவை முழுவதும் நிரப்பிவிட்டு, பிறகு தடிமனான புதிய பேடுகளைப் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த ஆயில் முழுவதும் மேலே ஏறி வழியும். உங்கள் டாங்க்குக்கு நேர்ந்தது பின்பக்கத்துப் பெயின்ட்டுக்கும் நேரும். ஆகவே பிஸ்டனைத் தள்ளும் முன் சுத்தமான சிரிஞ்சால் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுங்கள், சுற்றிலும் ஈரத்துணி போட்டுவையுங்கள். பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியைப் பிரேக் ஆயில் தொட்ட துணியால் துடைத்த பிறகே உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் அழுக்கு சீலுக்குள் போய்விடும்.

பேட் மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்து அது கெட்டியாகும்வரை பாருங்கள். பிஸ்டன் உள்ளே இருப்பதால் முதல் மிதியில் பிரேக் இருக்கவே இருக்காது. பேட் மாற்றிய வண்டியை வாசலிலேயே மோதியவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றை விட்டவர்கள்தான். பிறகு ஆளரவமற்ற சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுவதும் நிற்காமல், மெல்ல மெல்ல வேகத்தைக் குறைப்பதைப் பல முறை செய்து, இடையில் ஆறவிடுங்கள். சூடான புதிய பேடை அழுத்திப் பிடித்தபடி ஒரே இடத்தில் நிற்க வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தம்பி ஊற்றிய பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது? டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்ற தரக்குறி இருக்கும். இவ்விரண்டும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை, கலந்தாலும் சீல்களுக்குக் கேடில்லை. புதிய டாட் 3 கொதிப்பதற்கான குறைந்தபட்ச வரம்பு 205 பாகை செல்சியஸ், டாட் 4-க்கு 230. எனவே டாட் 4 கேட்கும் இடத்தில் டாட் 3 கலந்தால் தாங்கும் வெப்பம் குறையும், முழு ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. வீட்டிலிருந்த எஞ்சின் ஆயிலையோ வேறு மினரல் ஆயிலையோ ஒரு துளி ஊற்றியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். அது பிரேக்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துவிடும். அப்படி நடந்திருந்தால் எல்லா சீல்களையும் மாற்றும்வரை வண்டியைத் தொடக் கூடாது.

நீலவண்ணம் எழுதியது:

டாங்க் பெயின்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் நீரில் கரையும். ஆகவே சிந்திய உடனே தண்ணீரை ஏராளமாக ஊற்றிக் கழுவுவதே சரி, உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் பரவும். இப்போது நாள் கடந்திருந்தாலும் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுங்கள். டாங்க்குக்கு அடியிலும் ஸ்விட்ச் பெட்டிகளிலும் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுருங்கிய இடத்தை உடனே தேய்க்க வேண்டாம், மென்மையாக இருக்கும் பெயின்ட் உரிந்து வந்துவிடும். சில நாட்கள் விட்டுப் பாருங்கள். மங்கல் மட்டும் என்றால் நீர் தொட்டுத் தேய்க்கும் 2000 எண் உப்புத்தாளும் பாலிஷும் ஓரளவு மீட்டுத்தரும். கொப்புளித்து, உலோகம் தெரிந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. துரு பிடிக்கும் முன் அந்த இடத்தில் பிரைமர் வைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் முடித்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சாலைக்குருவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். போல்ட்டைச் சுற்றி அலுமினியச் சுருள் முழுவதுமாக வந்திருக்கிறது, ஆகவே செருகு மரைதான் வழி. பழைய டாட் 4-ஓடு தம்பி ஊற்றியதும் டாட் 4 என்று பாட்டிலைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், பின் டப்பாவையும் நிரப்பியிருக்கிறான். கழற்றிப் பார்த்ததில் பின் பேடுகள் தேய்மானக் கோட்டை நெருங்கிவிட்டிருந்தன.

புதிதாக மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியிலுள்ள குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறது. செயினை விரலால் தூக்கினால் கம்பி போல விறைப்பாக நிற்கிறது. எஞ்சினுக்கு ஊற்றிய ஆயில் பாட்டிலில் கார் படம்தான் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் என்று எங்கும் எழுதவில்லை. ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் இரைச்சல் ஏறியும் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்று தம்பி இப்போது சொல்கிறான். கிளட்ச் போய்விட்டதா?

ஆறாம்கியர் எழுதியது:

கிளட்ச் போய்விட்டது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் இயங்குகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்களைச் சேர்க்கிறார்கள். உராய்வினாலேயே பிடிக்க வேண்டிய கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நழுவத் தொடங்கும். இதற்காகவே ஜப்பானில் ஜேஸோ என்ற தர அளவை 1998-ஆம் ஆண்டு முதல் வகுத்திருக்கிறார்கள். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு எம்ஏ என்றும், அதிலேயே அதிகப் பிடிப்புள்ளதற்கு எம்ஏ2 என்றும் பாட்டிலின் பின்புறம் சிறு பெட்டிக்குள் அச்சிட்டிருக்கும். எம்பி என்றிருந்தால் அது உங்கள் வண்டிக்கு ஏற்றதல்ல. இனி வாங்கும்போது முன்புறப் படத்தைப் பார்க்காமல் இந்த எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்லவேளையாக, மரை வேலைக்காக எப்படியும் எல்லா ஆயிலையும் வடிக்கப்போகிறீர்கள். மிகை ஆயில், தவறான ஆயில் ஆகிய இரண்டும் அதே துளை வழியாகவே தீர்ந்துவிடும். ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் கேஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே செருகும் வகை ஃபில்டரென்றால் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும், ஸ்பிரிங் எங்கே வர வேண்டும் என்பதைக் கழற்றும்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபடும் எஞ்சின்கள் உண்டு.

கையேட்டில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம், எஞ்சினை முழுவதும் பிரித்துக் கோர்க்கும்போது தேவைப்படும் அளவு வேறு, ஆயில் மாற்றும்போது தேவைப்படும் அளவு வேறு. வடித்த பிறகும் கொஞ்சம் ஆயில் உள்ளே தங்கியிருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து ஊற்றினால் அந்த வித்தியாசம் மிகையாகிவிடும். மட்டம் அதிகமாக உயர்ந்தால் எஞ்சினுள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரைக்கச் செய்யும். நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. ஆயில் ஆவி சுவாசக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். நீங்கள் குழாயில் பார்த்தது அதைத்தான். அதன் மூடியைக் கழற்றி வடியவிட்டு, பெட்டியைத் துடைத்துவிடுங்கள். ஃபில்டர் காகித வகையாக இருந்து எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஸ்பாஞ்ச் வகையென்றால் சோப்பு நீரில் கழுவி, முழுவதும் காயவைத்து, அதற்குரிய ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடலாம்.

புதிய ஆயிலைக் குறைந்த எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே முதலில் ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடங்கள் இயக்கி, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடங்கள் கழித்து, வண்டியை நேராக நிறுத்திய நிலையில் மட்டத்தைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்க்கும் மட்டம் பொய். டிப் ஸ்டிக் என்றால் அதைத் திருகிவிட்டுப் பார்க்க வேண்டுமா, வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது எளிது.

கிளட்ச்சுக்கு வருகிறேன். ஆயிலைக் குறை சொல்லும் முன் லீவரின் தளர்வைப் பாருங்கள். லீவர் நுனியில் பொதுவாக 10 முதல் 20 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும், ஆட்டமே இல்லாவிட்டால் எந்த ஆயில் ஊற்றினாலும் கிளட்ச் நழுவும். அது சரியாக இருந்தால், எம்ஏ2 ஆயிலோடு சில நாட்கள் மென்மையாக ஓட்டி, பழையது பிளேட்டுகளிலிருந்து கழுவப்பட்டு வருவதால் அந்த ஆயிலை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுங்கள். தெருமுனை வரை மட்டும் ஓட்டிய வண்டிகள் பெரும்பாலும் இதிலேயே தேறிவிடும். அப்படியும் நழுவினால் பிளேட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரும்புப் பிளேட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். புதிய உராய்வுப் பிளேட்டுகளை மாட்டும் முன் அதே எஞ்சின் ஆயிலில் ஊறவைக்க மறக்காதீர்கள்.

செயினை இப்படியே விட்டு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பின் சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது செயின் ஓடும் பல் சக்கரங்களான இரு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது, நிற்கும் வண்டியில் விறைப்பாக இருக்கும் செயின் ஆள் ஏறியதும் இன்னும் விறைக்கும். அந்த இழுப்பு கியர் பெட்டியின் வெளித்தண்டு பேரிங்கில் போய் விழுகிறது. தளர்ந்த செயினைவிட இறுகிய செயின் அதிகக் கேடு செய்யும் என்பது பலருக்கும் தெரியாது. பின் சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலின் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டர்களையும் சமமாகப் பின்வாங்கி, சக்கரத்தை முன்னோக்கித் தள்ளி, செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் வருமாறு வையுங்கள். கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி, மிக விறைப்பாக இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினுக்கு எண்ணெய் போடுவதையோ துடைப்பதையோ எந்த நிலையிலும் செய்யக் கூடாது. துணி சிக்கினால் விரல் போய்விடும். தம்பியிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

தேய்ந்தடயர் எழுதியது:

செருகு மரை வரை போக வேண்டுமா? ஒரு சுற்றுப் பெரியதாக, தானே மரை வெட்டிக்கொண்டு போகும் டிரெயின் போல்ட்டுகள் கிடைக்கின்றன. என் பழைய வண்டியில் அதுதான் இருக்கிறது, கசிவில்லை. நேரமும் அலைச்சலும் மிச்சம்.

பழையபட்டறை எழுதியது:

உங்கள் வண்டியில் அது நன்றாக உட்கார்ந்திருப்பதில் மகிழ்ச்சி. இருந்தாலும் இவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தானே வெட்டிக்கொண்டு போகும் போல்ட், வெட்டிய துகள்களை எஞ்சினுக்குள்ளேயே தள்ளும், நேராகப் போகிறதா என்பதும் கையின் அதிர்ஷ்டம்தான். அலுமினியச் சுவர் மெல்லியதாக உள்ள கேஸ்களில், ஆப்பு போல விரித்துக்கொண்டு போகும் அந்த போல்ட் துளையின் ஓரத்தில் கீறலை உண்டாக்கலாம். கீறல் விழுந்தால் பிறகு செருகு மரைக்கும் இடமில்லை, வெல்டிங் அல்லது புதிய கேஸ்தான். அடுத்த ஆயில் மாற்றத்தில் அதைக் கழற்றி மாட்டும்போது பழைய பாதையிலேயே போகும் என்ற உறுதியும் இல்லை. எங்கோ நடுவழியில், வேறு வழியில்லாமல் மாட்டுவதற்கு அது சரி.

சாலைக்குருவிக்கு இன்னும் சில வார்த்தைகள். வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். ஆயிலை வடித்த நிலையிலேயே வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் செருகு மரை போட்டு வாருங்கள். வந்ததும் கழுவி, போல்ட்டையும் புதிய வாஷரையும் மாட்டி, ஃபில்டரும் ஆயிலும் போடுங்கள். அதற்குப் பிறகு செயின், அதைத் தொடர்ந்து பேடுகள். செயினைத் தளர்த்தும்போது பின் சக்கரம் நகர்வதால், ஆக்ஸிலை இறுக்கி முடித்த பிறகு காலிப்பரைக் கடைசியாகப் பார்ப்பது வசதி. ஆக்ஸில் நட்டையும் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, பழைய கோட்டர் பின்னை நிமிர்த்திப் போடாமல் புதியதைப் போடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

டிரெயின் போல்ட்டை இறுக்கிய பிறகு அதன் தலையிலிருந்து கேஸ் வரை பெயின்ட் பேனாவால் ஒரு நேர்கோடு போடுங்கள், ஆக்ஸில் நட்டிலும் அப்படியே. முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் கோடு உடைந்திருக்கிறதா, வாஷரின் ஓரத்தில் ஈரம் தெரிகிறதா, டிஸ்க்கின் இரு முகமும் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் மட்டும் மறுபடி டார்க் ரெஞ்சை எடுங்கள், நகராத போல்ட்டை எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை இறுக்க வேண்டாம்.